கூரியரில் வந்த ஆறு ஆர்க்கிட் செடிகள்: 14 மாதம் கழித்து

போன வருடம் ஆகஸ்டில் கேரளாவில் உள்ள ஒரு நர்சரியில் இருந்து ஆன்லைனில் ஆறு ஆர்க்கிட் செடிகள் வாங்கினேன். இரண்டு ஃபலனாப்சிஸ், மூன்று டெண்ட்ரோபியம், ஒரு வாண்டா. செடிகளுக்கு 3,500 ரூபாய், கூரியருக்கு 350. செடி வந்த அன்றே பெட்டியைப் பிரித்துப் படம் எடுத்து ஐந்து நட்சத்திரம் போட்டவர்களின் விமர்சனங்களைப் படித்துவிட்டுத்தான் வாங்கினேன். அவர்கள் மேல் தப்பில்லை, ஆனால் ஆர்க்கிட் விஷயத்தில் அந்த மாதிரி விமர்சனம் வாங்கப்போகிறவருக்கு ஒன்றுமே சொல்வதில்லை. வேர் முக்கால்வாசி அழுகிப்போன ஃபலனாப்சிஸ்கூட, தடித்த இலைகளில் சேர்த்து வைத்திருக்கும் ஈரத்தை வைத்தே சில வாரம் பூவோடு நிற்கும். பார்க்கிறவருக்கு அது நல்ல செடிதான். அதனால்தான் ஒரு வடகிழக்குப் பருவமழை, ஒரு கத்திரி வெயில் இரண்டையும் அந்தச் செடிகளோடு கடந்து வந்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

என் வீடு சென்னை நங்கநல்லூரில், இரண்டாவது மாடி. கிழக்கு பார்த்த சின்ன பால்கனி, காலையில் மூன்று மணி நேரம் வெயில் விழும், அதற்கு 50 சதவீத பச்சை ஷேடு நெட் கட்டியிருக்கிறேன். போர் தண்ணீர், உப்பு அதிகம். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏற்காட்டிலோ குன்னூரிலோ இருக்கிறவருக்கு நான் எழுதுவதில் பாதி பொருந்தாது. சென்னை, புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் என்று கடலோரமாக இருப்பவர்களுக்குத்தான் இது.

பேக்கிங்கில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. மூன்று நாள் பயணம். பெட்டியின் பக்கங்களில் காற்றுக்கு ஓட்டை போட்டிருந்தார்கள், ஒவ்வொரு தொட்டியின் வாயையும் டேப் ஒட்டி மூடியிருந்தார்கள், பூத்தண்டுகளை ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டி, பூக்களுக்கு நடுவில் பஞ்சு வைத்து, அசையாமல் அனுப்பியிருந்தார்கள். ஒரே ஒரு மொட்டுதான் உதிர்ந்திருந்தது. நேரில் போய் வாங்கி காரில் கொண்டுவந்திருந்தால்கூட அதைவிட அதிகம் உதிர்ந்திருக்கும். வாண்டாவை மட்டும் தொட்டியே இல்லாமல், வேர்களை ஈரமான செய்தித்தாளில் தளர்வாகச் சுற்றி அனுப்பியிருந்தார்கள். அந்த ஒரு செடியைத்தான் அவர்கள் உண்மையிலேயே சரியாக அனுப்பினார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மற்ற ஐந்தும் பிளாஸ்டிக் தொட்டியில், ஸ்பாக்னம் பாசியை இறுக்கி அடைத்து வந்தன. கூடவே ஒரு அட்டை: ஒரு மாதத்துக்குச் செடியைத் தொந்தரவு செய்ய வேண்டாம், வாரம் இரண்டு முறை தண்ணீர் ஊற்றவும், தொட்டி மாற்ற வேண்டாம். என்னுடைய பெரிய புகார் இந்த அட்டைமேல்தான்.

ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இந்த மூன்று வகை ஆர்க்கிட்டும் மண்ணில் முளைப்பவை இல்லை, மரத்தின் பட்டையிலும் கிளையிலும் ஒட்டி உட்கார்ந்து வாழ்பவை. ப்ளஸ் ஒன்னில் தாவரவியல் எடுத்தவர்களுக்கு வெலாமன் என்ற சொல்லும் அதற்கு உதாரணமாக வாண்டாவும் ஞாபகம் இருக்கலாம். வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி இருக்கும் செத்த செல்களின் உறைதான் வெலாமன். மழை பெய்தால் சில நொடிகளில் உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் காற்றில் காயும். காய்ந்தால் வேர் வெள்ளி நிறத்தில் இருக்கும், நனைந்தால் உள்ளே இருக்கும் பச்சை தெரியும். இந்த நனைவதும் காய்வதும்தான் அந்த வேருக்கு மூச்சு. நாள் கணக்கில் ஈரத்திலேயே புதைத்து வைத்தால் அது அழுகி, மேல் உறை கையோடு உரிந்து வந்து, நடுவில் ஒரு நூல் மட்டும் மிஞ்சும்.

ஸ்பாக்னம் பாசியோ தன் எடையைப்போல் இருபது மடங்கு வரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தைவான் மாதிரி இடங்களில் லட்சக்கணக்கில் ஃபலனாப்சிஸ் வளர்ப்பவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்றால், அங்கே கண்ணாடி வீட்டுக்குள் வெப்பம், காற்று, தண்ணீர் எல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. எடை குறைவு, கூரியரில் சிந்தாது, வழியில் காயாது, அதனால் விற்கிறவருக்கு வசதி. ஆகஸ்டில் மாலை மழையும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கிற சென்னை பால்கனியில் அதே பாசி பத்து நாளானாலும் உள்ளே காயாது. மேலே தொட்டால் மொறமொறவென்று இருக்கும், விரலை உள்ளே விட்டால் சகதி.

எனக்கு இது தெரியவந்தது ஒன்பதாம் நாள். வெள்ளைப் பூ ஃபலனாப்சிஸின் இலைகள் துவண்டு, சுருக்கம் விழ ஆரம்பித்தன. தண்ணீர் போதவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஆர்க்கிட்டில் தண்ணீர் இல்லாமல் வாடினாலும் தண்ணீர் அதிகமாகி வேர் அழுகினாலும் இலை ஒரே மாதிரிதான் துவளும், வேரைப் பார்க்காமல் கண்டுபிடிக்க வழியே கிடையாது. தொட்டியை வெட்டி எடுத்தேன். பாசியைப் பிரிக்கப் பிரிக்க அழுகல் வாடை. நடுவில் ஒரு சின்ன ஸ்பாஞ்ச் துண்டு, செடி குட்டியாக இருக்கும்போது நட்டது, அதை எடுக்காமலே பெரிய தொட்டிக்கு மாற்றியிருக்கிறார்கள். வேர் அழுகல் தொடங்கியதே அந்த ஸ்பாஞ்சைச் சுற்றித்தான். பதினொரு வேரில் இரண்டுதான் விரலால் அழுத்தினால் கெட்டியாக இருந்தன.

படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது, மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் செடி வந்த 24 மணி நேரத்துக்குள் படம் அனுப்பினால்தான் மாற்றித் தருவோம் என்பது அவர்கள் விதி. ஒரு மாதம் செடியைத் தொடக்கூடாது என்று அட்டையில் எழுதி அனுப்பிவிட்டு, வேர் கெட்டிருந்தால் ஒரு நாளுக்குள் சொல்லுங்கள் என்றால் வாங்குகிறவர் எப்படிச் சொல்வார்? இதைக் கேட்டேன். அவர்களுக்கும் அதில் உள்ள முரண் புரிந்தது, பாதி விலையை அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஏற்றுக்கொண்டேன். ஆனால் விதியை இன்னும் மாற்றவில்லை, அட்டையும் அப்படியேதான் இருக்கிறது.

அந்தச் செடியைக் காப்பாற்றியதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். அழுகிய வேர்களைத் தீயில் காட்டிய கத்தரியால் வெட்டி, வெட்டிய வாயில் மட்டும் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூளைத் தொட்டு வைத்தேன் (நல்ல வேர்மேல் தூவக்கூடாது, அதையும் காயவைத்துவிடும்). பூத்தண்டை அடியோடு வெட்டினேன். ஏழு பூ விரிந்திருந்த தண்டு அது, வெட்ட மனசே வரவில்லை, ஆனால் இரண்டே வேரை வைத்துக்கொண்டு ஏழு பூவுக்குத் தண்ணீர் கொடுக்க அந்தச் செடியால் முடியாது. ஒரு நாள் முழுக்க வெளியே காயவிட்டு, பக்கமெல்லாம் ஓட்டை உள்ள மண் தொட்டியில் அடுப்புக்கரித் துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் கலந்து, செடியைக் கொஞ்சம் சாய்த்து வைத்தேன். கரி பெரிய நெல்லிக்காய் அளவு. மட்டைத் துண்டை ஐந்து நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, அந்த டீ நிறச் சாறும் உப்பும் போன பிறகுதான் பயன்படுத்த வேண்டும், இதைத் தவிர்க்காதீர்கள். சாய்த்து வைப்பதற்கும் காரணம் உண்டு. காட்டில் ஃபலனாப்சிஸ் மரத்தண்டில் பக்கவாட்டில் ஒட்டி, இலைகள் கீழ்நோக்கித் தொங்க வளரும். இலைகள் சேரும் நடுப்பகுதியில் விழும் மழை அப்படியே வழிந்துவிடும். நாம் தொட்டியில் நேராக நிறுத்தும்போது அந்த நடுக்குருத்து ஒரு கிண்ணம் ஆகிவிடுகிறது.

இன்னொரு ஃபலனாப்சிஸ், ஊதா நிறம், அது வாடவில்லை. அதனால் அட்டையில் சொன்னபடி பாசியிலேயே விட்டுவைத்தேன். செப்டம்பர் நன்றாகப் போனது, அக்டோபரில் ஒரு புது இலைகூட வந்தது. நவம்பரில் தொடர்ந்து நான்கு நாள் மழை. சாரல் பால்கனிக்குள் அடித்தது, நான் உள்ளே எடுத்து வைத்தது மூன்றாம் நாள்தான். ஒரு வாரத்தில் நடுக்குருத்து கறுத்து, மெல்ல இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. தொட்டியைப் பிரித்தால் அதற்குள்ளும் அதே ஸ்பாஞ்ச், அதே அழுகல். இலையும் பூவுமாக நன்றாக வந்த செடி செத்தது, இரண்டு வேரோடு பிழைக்குமா என்று இருந்த செடி இன்று ஐந்து இலை, எட்டு வேரோடு நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே பால்கனி, ஒரே தண்ணீர். வித்தியாசம் அந்தப் பாசியும், ஸ்பாஞ்சும், செடியைச் சாய்த்து வைக்காததும்தான்.

அந்த வெள்ளை ஃபலனாப்சிஸ் ஜனவரியில் ஒரு பூத்தண்டு விட்டது. ஃபலனாப்சிஸ் பூத்தண்டு விட வேண்டுமானால் சில வாரங்களுக்கு வெப்பம் 25 டிகிரியை ஒட்டி இறங்க வேண்டும், 28க்கு மேலேயே இருந்தால் இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். சென்னையில் அதற்கு மார்கழி, தை இரண்டு மாதம்தான் வாய்ப்பு. வருடம் முழுக்கப் பூக்கும் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள், நம் ஊரில் அது நடக்காது. வேர் இன்னும் தேறவில்லை என்பதால் அந்தத் தண்டையும் கிள்ளிவிட்டேன். வருகிற தை மாதத்தில் விட்டால் கிள்ள மாட்டேன்.

டெண்ட்ரோபியம் மூன்றும் வேறு கதை. கல்யாண மேடை அலங்காரத்தில் ஊதாவும் வெள்ளையுமாக நீளமான தண்டில் பார்ப்போமே, சோனியா என்பார்கள், அந்த வகையில் ஒன்று, முழு வெள்ளை ஒன்று, மஞ்சள் என்று சீட்டு ஒட்டிய ஒன்று. வெள்ளை ஃபலனாப்சிஸைப் பிரித்த அன்றே இந்த மூன்றின் பாசியையும் உதறிவிட்டு நாலு அங்குல மண் தொட்டியில் கரியும் ஓட்டுத் துண்டுமாகப் போட்டுக் கட்டிவிட்டேன். செடிக்குத் தொட்டி சின்னதாகத் தெரியும், அப்படித்தான் இருக்க வேண்டும், பெரிய தொட்டியில் டெண்ட்ரோபியம் சோம்பிவிடும். கிரில்லின் ஓரத்தில், வெயில் அதிகம் படும் இடத்தில் மாட்டினேன். மே மாதம் 40 டிகிரி போன நாட்களில்கூட காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் தெளித்ததைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை, இரண்டு செடி அந்த வெயிலிலேயே புதுத் தண்டு விட்டன. இந்த ஒரு வருடத்தில் சோனியா மூன்று முறை பூத்தது, ஒவ்வொரு முறையும் ஐந்து வாரத்துக்குக் குறையாமல் நின்றது. 300 ரூபாய்க்கு இதைவிட நல்ல செடி சென்னையில் கிடைக்காது என்று மனதாரச் சொல்வேன்.

ஒன்று மட்டும் கவனம். இலை உதிர்ந்து, வெறும் குச்சியாக நிற்கும் பழைய தண்டைக் காய்ந்துவிட்டது என்று வெட்டிவிடாதீர்கள். உள்ளே தண்ணீரும் சத்தும் சேர்த்து வைத்திருக்கும் தண்டு அது, அடுத்த குருத்துக்கு அங்கிருந்துதான் சாப்பாடு போகிறது, சில சமயம் அதன் நுனியிலேயே மறுபடி பூக்கவும் செய்யும். பழுப்பாகி, அமுக்கினால் உள்ளே போகிற அளவு சுருங்கினால் மட்டும் வெட்டலாம்.

மஞ்சள் என்று சீட்டு ஒட்டிய செடி பிப்ரவரியில் ஊதாவாகப் பூத்தது. ஏமாற்றம்தான். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், அதற்குள் முளைக்கத் தேவையான உணவே கிடையாது, காட்டில் ஒரு பூஞ்சையின் உதவியால்தான் முளைக்கும். அதனால் இவற்றையெல்லாம் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் புட்டிக்குள் வளர்த்து, வெளியே எடுத்து, பூக்கிற அளவு வர மூன்று நான்கு வருடம் ஆகிவிடும். இத்தனை கை மாறும்போது சீட்டு மாறுவது எளிது, வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. இந்த முறை 24 மணி நேரக் கதை பேசாமல், படத்தைப் பார்த்ததும் வேறு மஞ்சள் செடி ஒன்றை இலவசமாக அனுப்பினார்கள். அது இன்னும் பூக்கவில்லை.

வாண்டாவுக்கு 1,200 ரூபாய், ஆறில் விலை அதிகம் அதற்குத்தான். தேக்குச் சட்டக் கூடையில், எதுவுமே போடாமல், வேரெல்லாம் இரண்டடிக்குக் கீழே தொங்க மாட்டியிருக்கிறேன். மேல் வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "என்னப்பா, புல்லுருவியைக் காசு கொடுத்தா வாங்குவாங்க?" என்று கேட்டார். புல்லுருவி மரத்துக்குள் வேரைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சும், இது மரத்தில் உட்காரும், அதன் சொத்தில் கை வைக்காது என்று சொன்னேன். அவர் திருவண்ணாமலைப் பக்கம். தன் அப்பாவின் மாந்தோப்பில் பட்டையில் ஒட்டிக்கொண்டு, தடிமனான இலையும் பழுப்புக் கட்டம் போட்ட பூவுமாக ஒன்று இருக்கும், வாசனையாக இருக்கும் என்று சொன்னார். அது வாண்டா டெசெல்லாட்டாவாகத்தான் இருக்க வேண்டும், நம் சமவெளியிலேயே தானாக வளர்கிற வாண்டா அது. அன்றிலிருந்து நான் ஊரில் இல்லாத நாட்களில் அவர்தான் வந்து தண்ணீர் தெளிக்கிறார்.

பத்து மாதம் வாண்டா பூக்கவில்லை. இலை கரும்பச்சையாக, பார்க்க அழகாக இருந்தது, நானும் செடி நலமாக இருப்பதாக நினைத்தேன். நர்சரிக்குப் படம் அனுப்பிக் கேட்டபோது, "சார், இலை இவ்வளவு கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம், வெளிறிய பச்சைக்கு வர வேண்டும்" என்றார்கள். விற்று பத்து மாதம் கழித்தும் இப்படிப் பதில் சொல்கிறவர்கள் குறைவு. வெயில் நேராகப் படும் பக்கத்துக்கு இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன், ஒரே நாளில் நகர்த்தினால் இலை வெந்துவிடும். செப்டம்பரில் பூத்தது. ஒன்பது பூ, நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில் இதழெல்லாம் வலைபோட்ட மாதிரிக் கோடுகள், ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். இதை எழுதும்போதும் இரண்டு பூ மிச்சம் இருக்கிறது.

ஆனால் வாண்டாவை எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வெறும் வேர் என்பதால் தினமும் நனைக்க வேண்டும், கோடையில் இரண்டு வேளை, வேர் வெள்ளியிலிருந்து பச்சையாகும்வரை. நான்கு நாள் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிற வீடு என்றால் வேண்டாம்.

தண்ணீர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் போர் தண்ணீரை ஊற்றிய முதல் இரண்டு மாதத்தில் தொட்டி ஓரமெல்லாம் வெள்ளையாக உப்பு படிந்தது, வேர் நுனிகள் கருகின. பிறகு மொட்டை மாடி மழைநீரைப் பிடித்து டிரம்மில் சேர்த்தேன், அது தீர்ந்த பிறகு ஏசி தண்ணீர். ஆர்ஓ மிஷினின் கழிவுக் குழாயில் வரும் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் சேர்ந்து வருவது அதில்தான். உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருப்பது), ஒரு லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு தடவை. நர்சரியில் 250 ரூபாய்க்கு ஆர்க்கிட் உரம் என்று ஒரு சின்னப் பாட்டில் தருகிறார்கள், அது தேவையே இல்லை, உரக்கடையில் கிடைப்பதே போதும். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும், சாயங்காலத்தில் மட்டும்.

அவர்கள் பட்டியலில் காட்டுச் செடி எதுவும் இல்லை, எல்லாம் புட்டியில் வளர்த்த கலப்பினங்கள், இதற்காகவே தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம். மலைப் பாதை ஓரங்களில் சாக்குப் பையில் வைத்து ஐம்பது ரூபாய்க்கு விற்கும் ஆர்க்கிட்டை வாங்காதீர்கள். மரத்திலிருந்து பிய்த்து வந்தது அது, நம் பால்கனியில் பெரும்பாலும் பிழைக்காது, அந்த மரத்தில் மறுபடி வளரவும் பல வருடம் ஆகும். காட்டு ஆர்க்கிட் பார்க்க ஆசை என்றால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

நட்சத்திரக் கணக்கு கேட்டால், டெண்ட்ரோபியத்துக்கு ஐந்து, வாண்டாவுக்கு நாலரை, ஃபலனாப்சிஸுக்கு இரண்டு, பேக்கிங்குக்கு ஐந்து, அந்த அட்டைக்கு ஒன்றுமில்லை. நீங்கள் வாங்குவதாக இருந்தால் மழைக்கு முன்னால், செப்டம்பருக்குள் வாங்குங்கள், அல்லது பொங்கலுக்குப் பிறகு. பூ இருக்கிற படத்தோடு வேர் தெரிகிற படமும் கேளுங்கள். வந்த அன்றே தொட்டியை விட்டு எடுத்து நடுவில் ஸ்பாஞ்ச் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அப்போதே படம் எடுத்து அனுப்புங்கள், 24 மணி நேரத்துக்குள் அல்லவா.

போன வாரம் இரண்டு டெண்ட்ரோபியம் மறுபடி ஆர்டர் போட்டேன், அந்தப் பாதி விலைக் கழிவும் கிடைத்தது. குறிப்பில், பாசி வேண்டாம், வாண்டாவை அனுப்பிய மாதிரி வெறும் வேராகச் செய்தித்தாளில் சுற்றி அனுப்புங்கள் என்று எழுதினேன். சரி என்றார்கள். வெள்ளிக்கிழமை வருகிறது, கரியைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன், மட்டைத் துண்டு ஊறிக்கொண்டிருக்கிறது.